எண்ணைச் சொல்லும் ஆங்கிலம்: வாசகர் கேள்வி – பதில்

நுகர்வோர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. டேபிளைப் படிக்கத் தெரிகிறது. மீட்டிங்கில் சொல்லும்போதுதான் முதல் வாக்கியமே வரமாட்டேன் என்கிறது. எதில் தொடங்குவது?
– வாசகி, கோவை

முதல் வாக்கியத்தை யோசிக்கவே வேண்டாம். யாரிடம், எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதுதான் எப்போதும் முதல் வாக்கியம். இட்லி மாவு பாக்கெட் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். ‘வீ ஸ்போக் டு ஃபோர் ஹண்ட்ரட் பீப்பிள், டூ ஹண்ட்ரட் ஈச் இன் சென்னை அண்ட் மதுரை, ஹூ பாட் இட்லி பேட்டர் இன் த லாஸ்ட் ஃபோர் வீக்ஸ்.’ இதை மனப்பாடம் செய்துவிடுங்கள். ஊரையும் எண்ணிக்கையையும் பொருளையும் மாற்றினால் எந்த ஆய்வுக்கும் ஆகும். இதை விட்டுவிட்டு நேரே சதவீதத்துக்குத் தாவினால், மூன்றாவது ஸ்லைடில் ஒருவர் ‘வாட்ஸ் த பேஸ்?’, அதாவது எத்தனை பேரிடம் கேட்டது, என்று குறுக்கிடுவார். பேச்சு அங்கேதான் தடம் புரளும்.

அடுத்து, ஒவ்வொரு ஸ்லைடுக்கும் மூன்றே வாக்கியம். முதலில் விஷயம்: ‘சவர்னஸ் இஸ் த மெயின் கம்ப்ளெயின்ட்.’ பிறகு எண்: ‘தர்ட்டி ஒன் பர்சன்ட் செட் த பேட்டர் டர்ன்ட் சவர் வித்தின் டூ டேஸ்.’ கடைசியில் ஒப்பீடு: ‘இன் மதுரை இட் வாஸ் ஃபார்ட்டி ஃபோர் பர்சன்ட், அகெய்ன்ஸ்ட் எய்ட்டீன் இன் சென்னை.’ மக்கள் சொன்னதை இறந்த காலத்தில் சொல்லுங்கள். அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு நிகழ்காலம்: ‘திஸ் சஜஸ்ட்ஸ்...’. ‘திஸ் ஸ்லைடு ஷோஸ்’ என்று ஆரம்பிப்பது வீண். ஸ்லைடு எல்லோர் கண்முன்னும்தான் இருக்கிறது.

பர்சன்ட், பர்சன்டேஜ், பர்சன்டேஜ் பாயின்ட்: மூன்றும் ஒன்றுதானே?
– வாசகர், திருச்சி

இல்லை. எண்ணை ஒட்டி வருவது பர்சன்ட்: ‘தர்ட்டி பர்சன்ட்’. ‘தர்ட்டி பர்சன்டேஜ் பீப்பிள்’ என்பது நம்மூர்ப் பழக்கம், விட்டுவிடலாம். எண் இல்லாத இடத்தில் பர்சன்டேஜ் வரும்: ‘வாட் பர்சன்டேஜ் ஆஃப் பையர்ஸ்?’

உண்மையான வம்பு மூன்றாவதில் இருக்கிறது. போன ஆண்டு திருப்தி 40 சதவீதம், இந்த ஆண்டு 50 என்றால், கூடியது 10 பர்சன்டேஜ் பாயின்ட். ‘டென் பர்சன்ட் கூடியது’ என்று சொன்னால், கணக்குத் தெரிந்தவர் 40-இல் பத்து சதவீதமான 4-ஐக் கூட்டி 44 என்று எழுதிக்கொள்வார். சதவீதக் கணக்கில் கூடியது 25. அதையும் சொல்லலாம்தான், ஆனால் மீட்டிங்கில் அது ஊதிப் பெரிதாக்கியது போல் கேட்கும். பாயின்ட்டிலேயே நில்லுங்கள்.

‘டு’வும் ‘பை’யும் குழம்பினால் தமிழில் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். ‘50 ஆக உயர்ந்தது’ என்றால் ‘ரோஸ் டு’. ‘10 கூடியது’ என்றால் ‘ரோஸ் பை’.

‘மெஜாரிட்டி’, ‘சிக்னிஃபிகன்ட்’ என்று சொன்னதற்கு வாடிக்கையாளர் தரப்பில் மறுப்பு வந்தது. என்ன தவறு?
– வாசகி, சென்னை-32

இரண்டுமே எடைபோட்டுப் பயன்படுத்த வேண்டிய சொற்கள். மெஜாரிட்டி என்றால் பாதிக்கு மேல். ஐந்து பிராண்டில் ஒன்றுக்கு 38 சதவீதம் கிடைத்து அதுவே முதலிடம் என்றாலும் அது மெஜாரிட்டி அல்ல. ‘த லார்ஜஸ்ட் குரூப், தர்ட்டி எய்ட் பர்சன்ட்’ என்று சொல்லுங்கள். 48 என்றால் ‘ஜஸ்ட் அண்டர் ஹாஃப்’. 66 என்றால் ‘டூ தேர்ட்ஸ்’. 76 என்றால் ‘த்ரீ இன் ஃபோர்’.

‘சிக்னிஃபிகன்ட்’ அன்றாட ஆங்கிலத்தில் ‘கணிசமான’. நம் தொழிலில் அதற்கு ஒரே பொருள்: புள்ளியியல் சோதனையில் தேறிய வித்தியாசம். 400 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்திருந்தால், 50 சதவீதத்தை ஒட்டி வரும் ஓர் எண்ணுக்குப் பிழை வரம்பு, அதாவது உண்மை எண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பது, 95 சதவீத நம்பகத்தில் ஏறத்தாழ இரு பக்கமும் 5 பாயின்ட். 100 பேர் என்றால் 10, 1,000 பேர் என்றால் 3. தலா 400 பேரிடம் நடந்த இரண்டு சுற்றுகளை ஒப்பிடும்போது, சுமார் 7 பாயின்ட் வித்தியாசமாவது இருந்தால்தான் அந்த வார்த்தையைத் தொடலாம். 46, 50 ஆனது என்றால் ‘டைரக்ஷனலி ஹையர், பட் நாட் சிக்னிஃபிகன்ட்’ (கூடியது போல் தெரிகிறது, உறுதி இல்லை) என்பதே சரி. ‘ஸ்லைட் இன்கிரீஸ்’ என்பதுகூட ஏற்றம் நடந்ததாக ஒப்புக்கொள்வதுதான்.

பேஸ் சின்னதாக இருந்தால் சதவீதமே வேண்டாம். 38 பேரில் 16 பேரை ‘ஃபார்ட்டி டூ பர்சன்ட்’ என்றால் பெரிதாகத் தெரியும். அங்கே ஓர் ஆள் மாறினாலே இரண்டரைப் பாயின்ட்டுக்கு மேல் நகரும். ‘சிக்ஸ்டீன் அவுட் ஆஃப் தர்ட்டி எய்ட், ஸோ ட்ரீட் திஸ் வித் காஷன்’ என்று சொல்லுங்கள்.

இலக்கணம் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

வேண்டாம். தமிழிலிருந்து தானாக இறங்கும் நாலைந்தைப் பிடித்தால் போதும். முதலில் ‘ஒன்லி’. ‘கடையிலதான் வாங்குறாங்க’ என்பதை ‘தே பை இன் ஷாப்ஸ் ஒன்லி’ என்கிறோம். நாம் ‘தான்’ என்று அழுத்தம் கொடுக்கிறோம். கேட்பவர் ‘மட்டும்’ என்று எடுத்துக்கொண்டு, ஆன்லைனில் ஒருவரும் வாங்கவில்லை என்று குறிப்பெழுதுவார். இது இலக்கணப் பிழையாக நிற்காமல் தகவல் பிழையாகிவிடுகிறது. ‘மோஸ்ட்லி’யும் அப்படித்தான்: நமக்கு ‘அநேகமாக’, அவர்களுக்கு ‘பெரும்பாலும்’. ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் தரவையே சந்தேகிக்கிறீர்கள் என்று நினைப்பார்கள். ‘ஐ ஹேவ் எ க்வெஸ்சன்’ என்று கேளுங்கள்.

‘தே டோல்ட் தட்’ வேண்டாம், ‘தே செட்’. ‘ஆர் பிரிஃபரிங்’ வேண்டாம், ‘பிரிஃபர்’. ‘ஃபீட்பேக்ஸ்’ என்று பன்மை கிடையாது.

கையில் இல்லாத தகவலைக் கேட்டால்?
– வாசகி, மதுரை

‘ஐ டோன்ட் ஹேவ் தட் கட் வித் மீ. ஐ வில் சென்ட் இட் பை ஃபோர் டுடே.’ ‘கட்’ என்றால் ஊர், வயது என்று பிரித்துப் பார்த்த கணக்கு. நேரத்தைச் சொல்லுங்கள், சொன்ன நேரத்தில் அனுப்புங்கள். ஆய்வில் கேட்கவே இல்லாத கேள்வி என்றால் ‘வீ டிட் நாட் ஆஸ்க் தட்’. அதற்கு மன்னிப்பு எதற்கு?

போனில் 15 சொன்னால் 50 என்று எழுதிக்கொள்கிறார்கள்.
– வாசகர், ஓசூர்

‘ஃபிஃப்டீன்’ என்பதில் அழுத்தம் பின்பாதிக்கு, ‘ஃபிஃப்டி’யில் முன்பாதிக்கு. நம் உச்சரிப்பில் இரண்டும் சமமாக விழுவதால்தான் வினை. சொன்ன கையோடு ‘ஒன் ஃபைவ்’ என்று சேர்த்துவிடுங்கள். தசமத்தை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: 23.45 என்றால் ‘பாயின்ட் ஃபோர் ஃபைவ்’. அதைவிட, 400 பேர் ஆய்வில் தசமத்தை வாயால் சொல்லாமலே விடலாம். பிழை வரம்பே 5 பாயின்ட் இருக்கும்போது அது என்ன துல்லியம்? வெளிநாட்டவர் இருந்தால் 10 லட்சத்தை ‘ஒன் மில்லியன்’ என்றும் ஒரு கோடியை ‘டென் மில்லியன்’ என்றும் ஸ்லைடிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போது மனக்கணக்கு போட்டால் ஒரு சுழியம் கழன்றுவிடும்.