நிலையம் எடுப்பதும் மலக்குழி வெட்டுவதும் – கடிதம்

ஐயா,

நான் கோவிலுக்குப் போவதை விட்டு நாலைந்து வருடம். இப்போது யாழ்ப்பாணத்து உரும்பிராயில் இரண்டு பரப்புக் காணியில் வீடு கட்டப்போகிறோம். நிலையம் எடுக்கவேணும், அதாவது சாத்திரம் பார்த்து வீட்டுக்கு இடம் குறிக்கவேணும், கிணறு ஈசான மூலையில்தான் வரவேணும் என்று அம்மா நிற்கிறா. நம்பாத ஒன்றுக்குத் தலையாட்டுவது பொய்தானே? 'கடவுள் பயம் இல்லாதவன் எதுக்கும் துணிவான்' என்கிறா. அந்தப் பயம் இல்லாமல் கடைசிவரை நேர்மையாக வாழ ஏதாவது பிடி இருக்கிறதா?

க.

அன்புள்ள க.,

நிலையத்தை எடுத்துவிடும். அம்மாவின் மனம் ஆறும். அதற்குப் பொய் என்று பெயர் வைத்து மல்லுக்கு நிற்பது கொள்கையல்ல, வீம்பு. பயத்தைப் பற்றியும் அலட்டிக்கொள்ளவேண்டாம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் விரதம் இருப்பவரும் சாமியே இல்லை என்பவரும் எங்கள் ஊரில் ஒரே மாதிரித்தான் மலக்குழி கட்டுகிறார்கள்.

கொஞ்ச நாளாக என் மண்டைக்குள் ஓடுவது இந்த மலக்குழிதான். உமது கடிதத்தில் கிணறு வந்தது, குழி வரவேயில்லை. நேர்மையைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற பிள்ளைக்கு அது ஞாபகத்தில் இல்லை!

இரண்டு பரப்பு 5,445 சதுர அடி. சதுரக் காணியென்றால் ஒரு பக்கம் 74 அடிக்குக் கிட்ட. கிணறு வடகிழக்கு மூலையில். குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளவேணும் என்பது மேசனுக்குத் தெரியும். நாடா பிடித்து, தென்மேற்கு மூலையில் வெட்டுவார். கிணற்றுக்குச் சாத்திரமும் சரி, தூரமும் சரி. ஆனால் அந்த மூலையில் வேலிக்கு அப்பால் தொடங்குவது இன்னொருவருடைய ஈசான மூலை. அவரும் சாத்திரம் பார்த்தல்லவா கிணறு வெட்டியிருப்பார்?

நீர் கேட்ட பிடி இதுதான்: அந்த நாடாவை அவருடைய கிணற்றடியிலிருந்தும் பிடிப்பீரா? பிடிக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது. எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக. மண்ணைப்போல அது வடிகட்டாது. 50 அடியே அங்கே போதுமென்றில்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, 2015இல், சனம் தெருவுக்கு வந்தது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது. மலக்கழிவிலிருந்து நிலத்தடி நீரில் சேரும் நைத்திரேற்று என்ற உப்புக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் அந்தத் தண்ணீரில் புட்டிப்பால் கரைப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து. பிள்ளை நீலம் பாரிக்கலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். தோட்டத்து யூரியாவும் இதில் பங்காளிதான், அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

'இருபது வருசம், ஒருக்காலும் பவுசர் (கழிவு உறிஞ்சும் வண்டி) கூப்பிடேல்லை' என்று பெருமை பேசுகிறவர்களைக் கண்டிருப்பீர். குழி நிறையவில்லையென்றால் பெரும்பாலும் அதற்கு அடித்தளமே போடவில்லை. சீமெந்து மிச்சம், பவுசர்க் காசு மிச்சம். போனதெல்லாம் அயலவர் வாளியில்.

ஆகவே குழியின் அடித்தளத்துக்கு 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கொங்கிறீற்று, நாலு அங்குலம். உள்பூச்சு, சீமெந்தும் மணலும் 1:3. இரண்டு அறை, முதலாவது பெரிது. வழியும் நீருக்குக் கல்லைத் தொடும்வரை குழி வெட்டக்கூடாது. செம்மண் ஆழமான பக்கத்தில் மேலாக ஒரு பாத்தி எடுத்து வாழை வையும். இதுவும் நைத்திரேற்றை முழுக்க மறிக்காது, குறைக்கும். இரண்டு கிணற்றுக்கும் தள்ளி இடம் கிடைக்காவிட்டால் வீட்டுப் படத்தை மாற்றும், ஒரு அறை சிறுக்கட்டும்.

பூசிக் காய்ந்ததும் வெளிக்குழாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விடும். புதுப்பூச்சு கொஞ்சம் குடிக்கும். மறுநாள் மட்டத்துக்கு நிரப்பி, மூடிவைத்து, சுவரில் கரியால் கோடு போடும். 24 மணித்தியாலத்தில் கோட்டை விட்டு இறங்கினால் ஒழுக்கு. மேசனுக்கு மிச்சக் காசு கொடுக்க முன்னம் இதைச் செய்யும். கொடுத்தபிறகு ஆளைப் பிடிக்க ஏலாது.