இசை உரிமை கம்பெனியில் லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது?

ராயல்டி, அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்காக அதன் உரிமைக்காரர்களுக்குப் போகும் பங்கு, அந்தக் கணக்கோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: ஒரு கம்பெனிக்கு மொத்த லாபம் (வரவில் ராயல்டி, வசூல் மாதிரி நேரடிச் செலவு மட்டும் போக நிற்பது) 20 சதவீதம், இன்னொன்றுக்கு 90. இரண்டாவதுதானே சிறந்தது, சார்?

அவசரப்படாதீர்கள். வருகிற பணம் யாருடையது என்று முதலில் பாருங்கள். பாட்டு எழுதினவருக்காக வசூல் மட்டும் செய்கிற கம்பெனி 100 வாங்கினால் 80 அவருக்குப் போய்விடும், 20 தங்கும். அதே பாட்டின் உரிமையை எழுதினவர் பங்கோடு சேர்த்து விலைக்கு வாங்கிய கம்பெனிக்கு, வசூல் செலவு 10 போக 90 தங்கும். பாட்டும் அதேதான், 100-ம் அதேதான். இரண்டாமவர் கொடுக்க வேண்டியதை முன்கூட்டியே மொத்தமாகக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

கேள்வி: அந்த மொத்தப் பணம் செலவாக எங்கேயும் வராதா?

வரும், ஆனால் பெரும்பாலும் மொத்த லாபத்துக்குக் கீழேதான். வருடம் 100 தருகிற பாட்டுத் தொகுப்பை 15 மடங்கு கொடுத்து 1,500-க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். அந்த விலையை 20 வருடத்துக்குப் பிரித்துத் தேய்மானச் செலவாக எழுதினால் வருடத்துக்கு 75. மொத்த லாபம் 90-ல் அதைக் கழித்தால் 15. வாங்கியதில் 600 கடன், வட்டி 6 சதவீதம் என்றால் 36. ஆக, கணக்கில் 21 நஷ்டம்! ஆனால் தேய்மானத்துக்குக் காசு வெளியே போவதில்லை. வட்டி கட்டியது போகக் கையில் 54 நிற்கும். நஷ்டம் என்று அலறுகிறவரும் 90 சதவீதம் என்று குதிக்கிறவரும் ஒரே அறிக்கையைத்தான் படிக்கிறார்கள்.

கேள்வி: ஸ்ட்ரீமிங் வளர வளர லாப விகிதமும் ஏறிக்கொண்டே போகுமா?

சிடி அச்சடிப்பு, லாரி, கடைக்காரர் திருப்பி அனுப்பும் சரக்கு எல்லாம் ஒழிந்ததில் ஒரு முறை ஏறியது உண்மை. அப்புறம்? ராயல்டியே சதவீதக் கணக்கு, வரவு கூடினால் அதுவும் கூடவே கூடும். மென்பொருள் கம்பெனி மாதிரி நினைக்காதீர்கள். பெரிய இசை கம்பெனியான யுனிவர்சல் மியூசிக் 2023-ல் சுமார் 1,110 கோடி யூரோ வரவு பார்த்தும், வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய அதன் சரிக்கட்டிய லாபம் (வழக்கமில்லாத சில செலவுகளை ஒதுக்கிப் பார்ப்பது) வரவில் 21 சதவீதத்தை ஒட்டித்தான். விகிதம் ஏறுவதானால் சம்பளம், அலுவலகச் செலவு மாதிரி அவ்வளவு வேகமாக வளராத இடத்தில்தான் ஏறும்.

கேள்வி: பாடகருக்குக் கொடுக்கும் அட்வான்ஸ், அண்ணா?

இங்கேதான் வேடிக்கை. திரும்ப வரும் என்று நம்பினால் அது சொத்து. நம்பிக்கை போனால் செலவு, அந்தக் காலாண்டின் விகிதம் சட்டென்று இறங்கும். ஆனால் அப்படித் தள்ளிய அட்வான்ஸுக்குரிய பாடல் பிறகு ஓட ஆரம்பித்தால், பழைய பாக்கி தீரும்வரை அவருக்கு ராயல்டி போகாது, புதுச் செலவும் பதியாது. விகிதம் பளபளக்கும். நிர்வாகத்தின் சாமர்த்தியம் என்று ஏமாற வேண்டாம்.

கேள்வி: ஹிப்னோசிஸ் சாங்ஸ் ஃபண்டுக்கு என்ன ஆனது?

2018-ல் லண்டன் சந்தைக்கு வந்து, பாட்டுத் தொகுப்புகளாக வாங்கிக் குவித்த நிதி. இந்தத் தொழிலில் பணம் தாமதமாக வரும். வெளிநாட்டு வசூல் கைக்கு வர ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். அதனால் 'வர வேண்டியது' என்று மதிப்பிட்டு வரவில் எழுதுவார்கள். அமெரிக்க ராயல்டி விகித உயர்வால் வர வேண்டிய பழைய பாக்கியை 2.17 கோடி டாலர் என்று எதிர்பார்த்திருந்தவர்கள், அக்டோபர் 2023-ல் அதை 99 லட்சமாகக் குறைத்தார்கள். டிவிடெண்டும் ரத்தானது. அதே மாதம் நிதி தொடர வேண்டாம் என்று பங்குதாரர்கள் வாக்களித்தார்கள். 2024-ல் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிளாக்ஸ்டோன் அதைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

கேள்வி: ஒரே ஒரு எண்தான் பார்க்க நேரம் என்றால்?

எழுதினவர் பங்கு போகக் கம்பெனிக்கு மிஞ்சும் தொகை. அதிலும் இந்த வருடம் புதிதாக வாங்கிய பாட்டுகளை ஒதுக்கிவிட்டு, பழைய தொகுப்பு மட்டும் எவ்வளவு வளர்ந்தது என்று பாருங்கள்.