ரயில் சத்தத்தை வெட்டலாமா? – இசை கேள்வி பதில்

கேள்வி: மழைக்காலத் தவளைகள், பனையோலையில் மோதும் காற்று, சில்வண்டு ஆகியவற்றைப் பதிவு செய்து, சுற்றுச்சூழல் அக்கறையோடு ஓர் ஆம்பியன்ட் (சூழல் ஒலியை அடிப்படையாகக் கொண்ட) இசைத்தொகுப்பு செய்து வருகிறேன். எந்தப் பதிவை எடுத்தாலும் ரயிலும் லாரியும் புகுந்துவிடுகின்றன. மென்பொருள் கொண்டு நீக்க நல்ல வழி உண்டா, ஐயா? – வாசகர், வாளையாறு

பதில்: ரயிலை நீக்காதீர்கள் என்பதே என் கருத்து. உங்கள் ஊர்க் காட்டை ஊடறுத்துச் செல்லும் அந்தத் தண்டவாளத்தில் யானைகள் அடிபட்டு இறப்பது நீங்கள் அறியாததல்ல. 2021 நவம்பரில் கேரள எல்லைக்கு இப்பால், தமிழ்நாட்டின் நவக்கரை அருகே ஓரிரவில் மூன்று யானைகள் இறந்தன. அந்தக் காட்டைப் பற்றிய இசையிலிருந்து ரயிலை வெட்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது தூக்கம் வரவழைக்கும் பின்னணி ஒலிதான். அதற்கும் சந்தை உண்டு. ஆனால் அதைச் சுற்றுச்சூழல் அக்கறை என்று அழைக்க வேண்டியதில்லை.

ரயில் கடந்தபின் தவளைகள் என்ன செய்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? அமெரிக்க ஒலிப்பதிவாளர் பெர்னி கிராஸ், கலிபோர்னியாவின் மோனோ ஏரியருகே ஒரு தவளைக் கூட்டத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது ராணுவ விமானம் ஒன்று தாழப் பறந்தது. அதுவரை எது எங்கிருந்து கத்துகிறது என்று பிரித்தறிய முடியாதபடி ஒன்றுசேர்ந்து ஒலித்த கூட்டத்தின் ஒத்திசைவு குலைந்து, மீண்டும் கூடிவர ஏறக்குறைய 45 நிமிடம் ஆயிற்று. அந்த இடைவெளியில் இரண்டு கொயோட்டுகளும் (ஓநாய் இனத்தைச் சேர்ந்த விலங்கு) ஓர் ஆந்தையும் வந்து சில தவளைகளைக் கவர்ந்து சென்றன. இதைவிடத் தெளிவான இசை வடிவம் உங்களுக்கு வேறெங்கே கிடைக்கும்? ரயில் கடந்த நொடியிலிருந்து கூட்டொலி முழுமையாகத் திரும்பும் வரையுள்ள நேரத்தையே, சுருக்காமல், ஒரு பகுதியின் நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். விலகிச் செல்லும் ரயிலின் ஊதல் சற்றே தாழ்ந்து கேட்குமல்லவா, அந்தத் தாழ்ந்த சுருதியில் சிந்தசைசரில் ஒரு நீண்ட ஸ்வரத்தைத் தம்பூராவைப் போல அடியில் ஓடவிடலாம். ரிவெர்ப் (எதிரொலி விளைவு) அதிகம் வேண்டாம்.

லாரிகளின் இரைச்சலுக்கு விடியலுக்கு முன் பதிவு செய்வதுதான் வழி. இரைச்சல் நீக்கும் மென்பொருள், மாறாமல் தொடரும் ஒலியை எல்லாம் இரைச்சல் என்று கணக்கிடுவதால் உங்கள் சில்வண்டையும் சேர்த்தே அரித்துவிடும்.

கேள்வி: தாளமும் மெட்டும் இல்லாத இதை இசை என்று வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லையே? – வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ராக ஆலாபனைக்கும் தாளம் கிடையாது, அதை யாரும் வீட்டில் நிறுத்தச் சொல்வதில்லை. நம் அகப்பொருள் இலக்கணம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் வகுக்கும்போது மரத்தையும் புள்ளையும் வைத்த அதே வரிசையில்தான் பறையையும் யாழையும் வைத்தது. வீட்டாரிடம் வாதிடாமல், நல்ல ஹெட்போனைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: யானைகள் நமக்குக் கேட்காத ஒலியில் பேசிக்கொள்கின்றனவாமே? அதைக் கையடக்க ரிக்கார்டரில் பிடித்து இசையில் சேர்க்க முடியுமா? – வாசகர், குமுளி

பதில்: பேசிக்கொள்வது உண்மை. 1984இல் விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக்காட்சிச் சாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காதுக்கு எட்டாத ஓர் அதிர்வைக் காற்றில் உணர்ந்தார். ஆராய்ந்ததில் அது 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி என்று தெரியவந்தது. நம் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்துதான் கேட்கத் தொடங்கும். பதிவை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒலி இரண்டு ஸ்தாயி மேலேறி, 56 முதல் 96 ஹெர்ட்ஸுக்குள் வந்து, மெல்லிய உறுமலாகக் கேட்கும்.

ஆனால் சிறிய ரிக்கார்டரின் மைக் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாக வாங்காது. காற்று வீசினால் அந்தத் தாழ்ந்த ஒலி எல்லை முழுவதையும் காற்றின் இரைச்சலே அடைத்துக்கொள்ளும், மைக்குக்குக் காற்றுத் தடுக்கும் மயிர் உறை போட்டாலும் ஓரளவுதான் குறையும். இதற்காக யானைக்கு அருகில் போவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைவதும் குற்றம். ஆய்வாளர்கள் எடுத்த பதிவை அவர்களுடைய இசைவோடு வாங்கிப் பயன்படுத்துங்கள். எத்தனை மடங்கு வேகமாக்கினீர்கள் என்பதையும் தொகுப்பின் குறிப்பில் எழுதிவிடுங்கள், இல்லையேல் கேட்பவர்கள் யானை இப்படித்தான் ஒலிக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள்.