கடல் விட்டுப்போன கோட்டை

அன்புள்ள ஐயா,
கிராய்டனில் இருக்கிறோம். பிரைட்டன், செவன் சிஸ்டர்ஸ் எல்லாம் பார்த்தாகிவிட்டது. சசெக்ஸ், கென்ட் கடலோரத்தில் அதிகம் பேர் போகாத பழைய இடங்கள் பத்து சொல்லுங்களேன். இரண்டு பிள்ளைகளோடு காரில் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும். போன மாதம் கேம்பர் கோட்டையைத் தேடிப் போனோம். ஜிபிஎஸ் எங்கோ கொண்டுபோய் விட்டதால் திரும்பிவிட்டோம்.
ஆர்.

அன்புள்ள ஆர்.,
ஒரே நாளில் பத்து இடமா? ஓட்டுக் கேட்கவா போகிறீர்கள்? பிள்ளைகளுக்குப் பழைய கற்களைக் காட்ட நினைக்கிறீர்களே, அந்த மனசுக்காகத்தான் இந்தப் பதில். பெவென்சியின் ரோமானிய மதிலும், பாட்சம் குன்றில் 53 இந்தியச் சிப்பாய்கள் முதல் உலகப் போரின்போது எரியூட்டப்பட்ட இடத்தில் நிற்கும் சத்ரி நினைவு மண்டபமும் தனித்தனி நாளுக்கானவை. பட்டியல் அவ்வளவுதான்.

ஜிபிஎஸ் மேல் பழி போடாதீர்கள். கேம்பர் கோட்டைக்கு ரோடே கிடையாது. ரை துறைமுக வாயைக் காக்க எட்டாம் ஹென்றி அங்கிருந்த கோபுரத்தைச் சுற்றி 1539 முதல் 1543 வரை அதைப் பெரிதாகக் கட்டியபோது கடல் பக்கத்தில் இருந்தது. அலை கூழாங்கல்லை வாரிக் கொட்டிக்கொண்டே இருந்தது, கடல் விலகியது, 1637இல் கோட்டையைக் கைவிட்டார்கள். இன்று கடல் சுமார் ஒரு மைல் தள்ளி. கோட்டையிலிருந்து கரைப் பக்கம் நடந்தால் தரை மெல்ல ஏறி இறங்கும். மேடுகளில் கல் தெரியும் காய்ந்த புல், பள்ளங்களில் ஈரம். ஒவ்வொரு மேடும் ஒரு காலத்துக் கடற்கரை. பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள்.

உங்களுக்குத் தேவை இடங்களின் பெயர் இல்லை, காகித வரைபடம். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே போடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 125ஆம் தாள், ஆரஞ்சு அட்டை, 1:25,000 அளவு. இளஞ்சிவப்பு அட்டை போட்ட 1:50,000 வேண்டாம். அதில் வயல் வேலிகள் இருக்காது, பாதை வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் நிற்பீர்கள். எக்ஸ்ப்ளோரரில் ஒரு நீலக் கட்டம் ஒரு கிலோமீட்டர், தாளில் 4 செ.மீ. சின்னப் பிள்ளைகளோடு கட்டத்துக்கு 25 நிமிடம் வையுங்கள். பச்சையில் குட்டிக் கோடுகள் பொது நடைபாதை, நீண்ட கோடுகள் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. கறுப்பு விட்டுவிட்டுக் கோட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தரையில் தடம் இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள், நடக்க உரிமை இருக்கிறது என்பதில்லை. பழங்கால கோத்திக் எழுத்தில் அச்சிட்ட பெயர்களை விரலால் தேடுங்கள். அவை பழஞ்சின்னங்கள், நீங்கள் கேட்ட பத்தும் அங்கேயே கிடைக்கும்.

கோட்டையைச் சுற்றியுள்ள சதுப்பு நிலத்தில், கட்டக் கோடுகள் தவிர மற்ற நீலக் கோடெல்லாம் வாய்க்கால். நேரே போய்விடலாம் என்று வயலில் இறங்கினால் ஐந்து நிமிடத்தில் தண்ணீர் மறிக்கும், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். நடைபாலம் எங்கே என்று முதலில் பார்த்துக்கொண்டு பிறகு வழியை முடிவு செய்யுங்கள்.

கார் நிறுத்தத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ரயிலில் ரை போய் இறங்கி, தெற்கே பிரீட் ஆற்றைத் தாண்டி நடந்தால் போதும். ஆஷ்ஃபோர்டுக்கும் ஹேஸ்டிங்ஸுக்கும் நடுவே ஓடும் அந்த வண்டி ஏறக்குறைய மணிக்கு ஒன்றுதான், ஆகவே திரும்பும் நேரத்தைக் குறித்து வையுங்கள். கோட்டைக்குள் குறிப்பிட்ட சில நாட்களில் வழிகாட்டியோடு மட்டுமே விடுவார்கள், வெளியே எப்போதும் சுற்றி வரலாம். நிழல் கிடையாது, காற்று பலமாக அடிக்கும். வசந்தத்தில் ஆடுகள் குட்டியோடு நிற்கும், பிள்ளைகள் துரத்தக் கூடாது. நீங்கள் திறந்த கேட்டை மறக்காமல் சாத்துங்கள்.