புண் காலில், நெறி தொடையில்

அன்புள்ள ஐயா,

போன வாரம் துருப்பிடித்த ஆணி ஒன்று செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிட்டது. பிடுங்கி, கழுவி, மருந்து வைத்தேன். மூன்றாம் நாள் தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு கட்டி. 'நெறி கட்டியிருக்கு, புண் ஆறினா தானா அமுங்கிடும்' என்கிறார் அம்மா. புண் காலில், வீக்கம் ஏன் அங்கே? முன்பின் பார்க்காத கிருமியை உடம்பு எப்படி அடையாளம் காண்கிறது?

கே.

அன்புள்ள கே.,

அம்மா சொல்வது பெரும்பாலும் சரி.

புண்ணுக்கு முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள். சில மணி நேரத்தில் வந்துவிடும். என்ன கிருமி என்றெல்லாம் நுணுக்கமாக விசாரிக்காது; விழுங்கும், சாகும். நீங்கள் துடைத்துப்போட்ட சீழில் பாதிக்குமேல் அவைதான்.

நெறியில் நடப்பது வேறு. காலின் திசுக்களிலிருந்து வடியும் திரவமான நிணநீர், தொடை இடுக்கிலுள்ள கணுக்கள் என்ற சிறு வடிகட்டிகள் வழியாகத்தான் மேலே போகும். டென்ட்ரிடிக் செல்கள் என்ற காவல் செல்கள் கிருமியின் துணுக்குகளை அங்கே சுமந்து வருகின்றன. அங்குள்ள வேறு வகை வெள்ளணுக்களான பி செல், டி செல் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வடிவத்தை மட்டுமே பற்றும். உடம்பு, கிருமியைப் பார்த்தபின் அளவெடுத்துத் தைப்பதில்லை. ரெடிமேட் கடை மாதிரி எல்லா அளவிலும் முன்பே தைத்து மாட்டி வைத்திருக்கிறது, வரவே போகாத ஆளுக்கும் சேர்த்து. பொருந்துகிற செல் மட்டும் பெருகும். அந்தப் பெருக்கமும் நெரிசலும்தான் உங்கள் நெல்லிக்காய்.

நம்மிடம் இருப்பது சுமார் 20,000 ஜீன்கள். அதில் கோடிக்கணக்கான அளவுகள் எப்படி? பி செல் உருவாகும்போதே, கிருமியைப் பற்றும் புரதமான ஆன்டிபாடிக்குரிய ஜீனின் துண்டுகளைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்துச் சேர்க்கிறது. ஜப்பானிய விஞ்ஞானி சுசுமு டொனேகாவா 1976இல் இதைக் காட்டினார்; 1987இல் நோபல் பரிசு. 'வெள்ளணுச் சிப்பாய்' என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததில் இந்தச் சூதாட்டம் விட்டுப்போனதில் எனக்கு வருத்தம்தான்.

அப்புறம், ஒரு வில்லங்கம். டெட்டனஸ் கிருமி கக்கும் நஞ்சு துளியினும் துளி இருந்தாலே ஆளைக் கொல்லும். அந்த அளவு, பொருந்தும் செல்லைத் தட்டி எழுப்பக்கூடப் போதாது. அதனால் டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்பு சக்தி வருவதில்லை, ஊசிதான் வழி. ஆணியின் துருவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், டிடி ஊசி போட்டீர்களா என்று எழுதவில்லை. போடாவிட்டால் இன்றே கிளம்புங்கள். நெறியையும் அப்படியே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.