ஜனாதிபதி பதவிக்கு வன்னியில் இருந்து ஒரு பெண் போகலாமா? ஒட்டுசுட்டான் வாசகிக்குப் பதில்

கேள்வி: எனது மகள் உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கிறாள். "நான் ஒரு நாள் இந்த நாட்டின் ஜனாதிபதியாக வருவேன்" என்று பாடசாலை மேடையில் பேசிவிட்டு வந்தாள். உறவினர்கள் சிரித்தார்கள். தமிழர் ஒருவர் ஜனாதிபதியாக வருவதற்குச் சட்டத்திலேயே இடமில்லை என்று ஒருவர் அடித்துச் சொன்னார். நானும் 2025 பிரதேச சபைத் தேர்தலில் வட்டாரத்தில் நிற்காமல் ஒரு கட்சியின் மேலதிகப் பட்டியலில் பெயர் கொடுத்தவள். கட்சிக்கு ஆசனம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த தேர்தலுக்கும் கேட்கிறார்கள். மகளுக்கு நான் என்ன சொல்வது? திரும்பவும் கையெழுத்து வைக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் உறவினர் சொன்னது சரியல்ல. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9 ஆவது உறுப்புரை பௌத்த மதத்துக்கு முதன்மை இடத்தை வழங்குகிறதே தவிர, ஜனாதிபதி எந்த இனத்தவராக, எந்த மதத்தவராக, ஆணாகவோ பெண்ணாகவோ இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் எங்கும் எழுதப்படவில்லை. 12 ஆவது உறுப்புரையோ இனம், மதம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் எவருக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. மகளிடம் இதை முதலில் சொல்லுங்கள். சட்டம் மறிக்காத வழியை நாமாகவே மறித்துக்கொள்வது வன்னியில் பழகிப்போன ஒன்றாகிவிட்டது என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

ஆனால் சட்டம் வேறு ஒரு நிபந்தனையை வைத்திருக்கிறது. 31 ஆவது உறுப்புரையின்படி, ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட விரும்புபவரை அங்கீகரிக்கப்பட்ட அரசியல் கட்சி ஒன்று நியமிக்க வேண்டும். அப்படி ஒரு கட்சி இல்லையென்றால், அவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினராக இருக்க வேண்டும் அல்லது முன்னர் இருந்திருக்க வேண்டும். எம். கே. சிவாஜிலிங்கமும் பா. அரியநேத்திரனும் சுயேச்சையாகக் களமிறங்க முடிந்தது அவர்கள் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர்கள் என்பதால்தான். ஆகவே ஜனாதிபதி வேட்பாளராவதற்கு முன்னரே ஒரு கட்சிக்குள்ளோ பாராளுமன்றத்துக்குள்ளோ இடம் பிடித்தாக வேண்டும். வெளிநாடுகளில் உறவுகள் உள்ள நம் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் பாராளுமன்றத்துக்கோ ஜனாதிபதி பதவிக்கோ போட்டியிட முடியாது. 2019 இல் கோட்டாபய ராஜபக்சவும் அமெரிக்கக் குடியுரிமையைக் கைவிட்ட பின்னரே வேட்புமனுத் தாக்கல் செய்தார்.

அடுத்தது கணக்கு. முதல் எண்ணிக்கையிலேயே வெல்வதற்குச் செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் சிங்களவர் ஏறத்தாழ 75 வீதம்; இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் அனைவரையும் சேர்த்தாலும் நான்கில் ஒரு பங்கைச் சுற்றித்தான் வரும். எனவே தமிழ் வாக்குகளை மட்டும் நம்பி நிற்பவர் தமது நிலைப்பாட்டை நாட்டுக்கும் உலகுக்கும் சொல்லலாம், பதவியை அடைய முடியாது. 1982 இல் குமார் பொன்னம்பலம் 1,73,934 வாக்குகளைப் பெற்றார், அது 2.67 வீதம். 2024 இல் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற அரியநேத்திரன் 2,26,343 வாக்குகளைப் பெற்றார், அது 1.70 வீதம். அவரைத் தமிழ் வேட்பாளராகவே நிறுத்தியிருந்தும், வன்னித் தேர்தல் மாவட்டத்தில் முதலிடம் சஜித் பிரேமதாசவுக்கே கிடைத்தது என்பதையும் மகள் அறிந்திருக்க வேண்டும். நம் மக்கள் இனத்தை மட்டும் பார்த்து வாக்களிப்பவர்கள் என்று கொழும்பில் நினைக்கிறார்கள், நாமும் சில வேளை அப்படியே நினைத்துக்கொள்கிறோம். வாக்குப்பெட்டி அப்படிச் சொல்லவில்லை.

அதற்காக நம் வாக்குக்குப் பெறுமதி இல்லை என்று ஆகிவிடாது. 2005 இல் வடக்கில் பெரும்பாலானோர் வாக்களிக்காதபோது மகிந்த ராஜபக்ச 50.29 வீதத்துடன் மயிரிழையில் வென்றார். 2015 இல் மைத்திரிபால சிறிசேன 51.28 வீதத்துடன் வென்றபோது வடக்கு, கிழக்கு வாக்குகள் அவருக்குப் பெருந்துணையாக நின்றன. 2019 இல் வன்னி ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சஜித்துக்கு வாக்களித்தும் கோட்டாபய வென்றார். தெற்கு இரண்டாகப் பிரிந்து நிற்கும் வேளையில் முடிவு நம் கையில் வருகிறது. ஒருபக்கம் சாய்ந்துவிட்டால் அது நம் கையை விட்டுப் போய்விடுகிறது. இலங்கையின் மேடையில் சிறுபான்மை இனத்தவர் ஒருவர் தலைமைப் பதவியை எண்ணிப் பார்ப்பதானால், அவர் தெற்கின் வாக்காளரிடமும் சொந்தமாக நம்பிக்கை சம்பாதித்தவராக இருக்க வேண்டும். தமிழரான லக்ஷ்மன் கதிர்காமர் பல ஆண்டுகள் வெளிநாட்டமைச்சராக இருந்தார். 2004 இல் பிரதமர் பதவிக்கு அவர் பெயர் பேசப்பட்டும், பதவி மகிந்த ராஜபக்சவிடம் சென்றது. தெற்கிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த ஒருவருக்கும் கடைசிப் படி கிடைக்கவில்லை. இதை மகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

வேறு நாடுகளில் எப்படி நடந்தது என்று அவள் நிச்சயம் கேட்பாள். சீக்கியர்கள் இரண்டு வீதம்கூட இல்லாத இந்தியாவில் மன்மோகன் சிங் 2004 முதல் 2014 வரை பிரதமராக இருந்தார். பிரித்தானியாவில் இந்திய வம்சாவளியினரான ரிஷி சுனக் 2022 இல் பிரதமரானார். இருவரையும் அந்தப் பதவியில் அமர்த்தியது நாடு தழுவிய நேரடி வாக்கெடுப்பு அல்ல, கட்சியும் பாராளுமன்றப் பெரும்பான்மையும்தான். நாடு தழுவிய தேர்தலில் வென்றவர்களும் இருக்கிறார்கள்: 2008 இல் அமெரிக்காவில் பராக் ஒபாமா; 2023 இல் சிங்கப்பூரில், சீனர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், இலங்கைத் தமிழ் வேர் கொண்ட தர்மன் சண்முகரத்தினம் 70.4 வீத வாக்குகளுடன் ஜனாதிபதியானார். சிங்கப்பூர் ஜனாதிபதியிடம் நிறைவேற்று அதிகாரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன் அவர் நிதியமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் இருந்தவர். வாக்காளர்கள் அவரைப் பல ஆண்டுகள் வேலையில் கண்டிருந்தார்கள். இலங்கையிலும் பாராளுமன்றம் தெரிவு செய்யும் வழி ஒன்று உண்டு. பதவி இடையில் வெற்றிடமானால் எஞ்சிய காலத்துக்குப் பாராளுமன்ற உறுப்பினர்களே வாக்களிப்பார்கள். 2022 யூலை 20 ஆம் திகதி ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளுடன் தெரிவானது அப்படித்தான். இதை நம்பி ஒருவர் வாழ்க்கையைத் திட்டமிட முடியாது என்றாலும், பாராளுமன்றத்தில் ஆசனம் வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்த வாசல் தெரியும்.

இனி பெண் என்ற கேள்வி. இதில் இலங்கைக்குப் பெருமையும் உண்டு, குறையும் உண்டு. 1960 யூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். 1982 முதல் நடந்த ஒன்பது ஜனாதிபதித் தேர்தல்களில் இரண்டில் சந்திரிகா குமாரதுங்க வென்றார். 1994 இல் அவருக்குக் கிடைத்த 62.28 வீதத்தை அதன் பின் வேறெவரும் எட்டவில்லை. ஆகவே சிங்கள வாக்காளர் பெண்ணுக்கு வாக்களிக்க மாட்டார் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் மேடைக்கு வந்த வழியைப் பாருங்கள். சிறிமாவோவின் கணவர் சுடப்பட்டு இறந்தார். சந்திரிகா தந்தையையும் கணவரையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவர். 1994 இல் அவரை எதிர்த்து நின்ற சிறிமா திசாநாயக்கவோ, கணவர் காமினி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட சில நாட்களிலேயே வேட்பாளராக்கப்பட்டவர். தமிழரிலும் 1980 இல் பொத்துவில் தொகுதிக்குப் பாராளுமன்ற உறுப்பினரான ரங்கநாயகி பத்மநாதன் தம் சகோதரரின் மறைவின் பின்னரே வந்தார். வீட்டில் ஓர் ஆண் விழுந்த இடத்தில் பெண்ணை நிறுத்துவதுதான் இங்கு வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. வாசல் இல்லாத வீட்டில் சுவர் இடிந்தால்தான் வழி என்பது போன்ற நிலை அது.

அந்த வழக்கம் முழுதாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2019 இல் 35 வேட்பாளர்களில் ஒரே ஒரு பெண் இருந்தார். 2024 வாக்குச்சீட்டில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. ஆயினும் அதே 2024 செப்டெம்பரில், அரசியல் குடும்பப் பின்னணி இல்லாத விரிவுரையாளரான ஹரிணி அமரசூரிய பிரதமரானார். இரண்டு மாதங்களின் பின் கொழும்பு மாவட்டத்தில் 6,55,289 விருப்பு வாக்குகளைப் பெற்றார். அதே தேர்தலில் மாத்தறையில், சிங்கள வாக்காளர் பெருவாரியாக உள்ள மாவட்டத்தில், சரோஜா சாவித்திரி போல்ராஜ் என்ற தமிழ்ப் பெண் தெரிவாகி அமைச்சரானார். உங்கள் மகள் ஒரு முன்மாதிரியைத் தேடுவதானால் நான் மாத்தறையைத்தான் காட்டுவேன். இந்த நாட்டில் தமிழ்ப் பெண் ஒருவர் சிங்கள வாக்காளரின் வீட்டு வாசலில் நின்று வாக்குக் கேட்டு வாங்கியிருக்கிறார். நம் பக்கத்திலோ, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுக்கும் 2020 இலும் 2024 இலும் ஆண்களே சென்றார்கள். முன்பு ராஜமனோகரி புலேந்திரன் இங்கிருந்து பாராளுமன்றம் சென்றிருக்கிறார். 2013 மாகாண சபைத் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் அனந்தி சசிதரன் 87,000 க்கும் அதிகமான விருப்பு வாக்குகளைப் பெற்றார். அப்படியிருக்க, நம் மக்கள் பெண்ணுக்கு வாக்களிக்க மாட்டார்கள் என்று கட்சிக்காரர் சொன்னால் நம்பாதீர்கள்.

தடை இருப்பது ஏணியில். 2016 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் உள்ளூராட்சி சபைகளில் 25 வீதத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அதற்கு முன் அந்தச் சபைகளில் பெண்கள் இரண்டு வீதம்கூட இருக்கவில்லை. 2018 இல்தான் பெருந்தொகையாக உள்ளே போனார்கள். அதற்கு மேல் உள்ள படி மாகாண சபை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பின் தேர்தலே இல்லை. பாராளுமன்றத்தில் ஒதுக்கீடு கிடையாது. பிரதேச சபையில் நான்கு வருடம் பழகிய பெண் அடுத்து ஏறுவதற்குப் படியில்லாமல் வீட்டுக்குத் திரும்புகிறார். மாகாண சபைத் தேர்தலை நடத்து என்று கேட்பது அதிகாரப் பகிர்வுக்கான கோரிக்கை மட்டுமல்ல, உங்கள் மகளுக்கான கோரிக்கையும்தான்.

உங்கள் கையெழுத்துக்கு வருகிறேன். நான் வன்னியில் பெண் வேட்பாளர்களுக்கான பயிற்சிகளில் பல வருடங்களாகப் பங்குபற்றி வருகிறேன். ஒரு பயிற்சியில் ஒரு சகோதரி தன் துண்டுப்பிரசுரத்தை எனக்குக் காட்டினார். அவருடைய படம் இருந்தது. ஆனால் கணவரின் பெயர் பெரிய எழுத்திலும் அவருடைய பெயர் அதன் கீழே சிறிய எழுத்திலும் இருந்தன. எந்த வட்டாரம் என்று கேட்டேன். "வட்டாரம் இல்லை, பட்டியல். 25 வீதத்துக்கு ஆள் வேணும் எண்டவை" என்றார். உங்களுக்கு நடந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். மேலதிகப் பட்டியலில் முதலில் பெயர் உள்ளவருக்கே ஆசனம் என்று விதியில்லை. எவரை உறுப்பினராக்குவது என்பதைக் கட்சியின் செயலாளர் தீர்மானிக்கிறார். ஆகவே அடுத்த முறை பட்டியலைக் கொண்டுவந்தால் வட்டாரத்தைக் கேளுங்கள். வட்டாரத்தில் நின்று தோற்றாலும், எந்தக் கிராமத்தில் எத்தனை பேர் உங்களை நம்பினார்கள் என்ற கணக்கு உங்கள் கையில் இருக்கும், அடுத்த பேச்சுவார்த்தைக்கு அதுவே உங்கள் முதல். பட்டியல்தான் தருவோம் என்றால், ஆசனம் கிடைத்தால் உங்களையே நியமிப்பதாக எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தை வைத்து நீதிமன்றம் போக முடியாமல் இருக்கலாம்; ஆனால் எழுதித்தரத் தயங்குபவரின் மனது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, முடிவுகள் வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் ஒவ்வொருவரும் செலவு விபரத்தை ஒப்படைக்க வேண்டும். தோற்றவரும் ஒப்படைக்க வேண்டும், ஒரு சதமும் செலவழிக்காதவரும் ஒப்படைக்க வேண்டும். பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். மற்றது, சபைக்குப் போய்வரும் வழி. கூட்டம் பிந்தி முடிந்து, கடைசிப் பேருந்து போய்விட்டால், யானை மறிக்கும் வீதியில் இருட்டியபின் எப்படி வீடு வருவது என்பதைக் கட்சியிடம் முன்கூட்டியே பேசுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆண் உறுப்பினரிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது.

ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கும்போது 1 மட்டும் இடாமல் 2, 3 என்று விருப்பத்தெரிவையும் இட உங்கள் மாதர் சங்கத்தில் சொல்லிக்கொடுங்கள். 2024 இல் எவரும் பாதியைத் தாண்டாததால் நாட்டிலேயே முதல் தடவையாக இரண்டாம் விருப்பத்தெரிவு எண்ணப்பட்டபோது, அநுர குமார திசாநாயக்கவுக்கு 1,05,264 வாக்குகளும் சஜித்துக்கு 1,67,867 வாக்குகளும் மட்டுமே கூடின. பெரும்பாலானோர் அந்த உரிமையைப் பயன்படுத்தவே இல்லை. வெல்ல முடியாதவராக இருந்தாலும் மனதுக்குப் பிடித்த பெண்ணுக்கோ தமிழருக்கோ 1 ஐயும், வெல்லக்கூடியவர்களில் ஏற்கத்தக்கவருக்கு 2 ஐயும் இடலாம், வாக்கு வீணாகாது.

மகளுக்கு இப்போது வேண்டியவை மூன்று: உயர்தரப் பெறுபேறு, மேடையில் பேசும் அளவுக்குச் சிங்களம், வாக்காளர் இடாப்பில் பெயர். சிங்களம் கற்பதைச் சிலர் பணிந்துபோவது என்கிறார்கள்; அதை நான் ஏற்கவில்லை. மாத்தறையில் வாக்குக் கேட்ட அந்தத் தமிழ்ப் பெண் எந்த மொழியில் கேட்டிருப்பார் என்று யோசியுங்கள். இடாப்பை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. வாக்காளராகத் தகுதியற்றவர் ஜனாதிபதி பதவிக்கும் தகுதியற்றவர் என்பது 92 ஆவது உறுப்புரையில் உள்ள விடயம். இறுதி யுத்தத்தில் ஆவணங்களை இழந்து, பின்னர் எடுத்த பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தும் அடையாள அட்டையில் இன்னொரு எழுத்துமாக இருக்கும் குடும்பங்கள் உங்கள் ஊரில் நிறைய உண்டு. அவளுக்கு 18 வயது நிறைவதற்கு முன் இரண்டையும் எடுத்து வைத்துப் பெயரின் எழுத்துகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்திக்கொண்டு, கிராம அலுவலரிடம் அவளையே கூட்டிக்கொண்டு போய் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.