அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் தண்டனை முடிந்தவர்களுக்கு வாக்குரிமை திரும்பக் கிடைத்ததா?

"2018 வாக்கெடுப்புக்குப் பிறகு முன்னாள் கைதிகள் எல்லோரும் வாக்களிக்கலாம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. காகிதத்தில் கிடைத்த உரிமை பலருக்குக் கைக்கு வந்து சேரவில்லை.

கடுங்குற்றத் தண்டனை பெற்றவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கும் வழக்கம் அங்கே 1868-ஆம் ஆண்டின் அரசமைப்பிலேயே வேரூன்றியது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவர் வாக்குரிமை பெற்றுவந்த அதே காலம் அது. 2018 நவம்பரில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர், தண்டனையை முடித்தவர்களுக்கு இந்தத் தடையை நீக்க ஆதரவளித்தார்கள். கொலை, பாலியல் குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் தடை தொடர்ந்தது. பயனடையக்கூடியவர்கள் சுமார் 14 லட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்டது.

மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் ஒரு முட்டுக்கட்டை போட்டது: அபராதம், நீதிமன்றக் கட்டணம் எல்லாவற்றையும் கட்டி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாகப் பொருள். 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை ஏற்றது.

பணம் இல்லாதது ஒரு துன்பம் என்றால், எவ்வளவு பாக்கி என்பதே தெரியாதது அதைவிடப் பெரிய துன்பம். மாநிலம் முழுமைக்குமான ஒரே கணக்கு இருக்கவில்லை. இருபது, முப்பது ஆண்டுப் பழைய வழக்கென்றால், அந்தந்த மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடம் போய்க் கோப்பைத் தேடச் சொல்ல வேண்டும். பதிவுப் படிவத்திலோ "நான் தகுதியுள்ளவன்" என்று உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். தெரிந்தே பொய் சொன்னால் மீண்டும் குற்ற வழக்கு.

2022 ஆகஸ்டில் தகுதியின்றி வாக்களித்ததாக 20 பேர்மீது நடவடிக்கை அறிவிக்கப்பட்டது. அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டையை அனுப்பியதே அரசு அலுவலகம்தான். இது எனக்கு அநீதியாகவே படுகிறது.

அதே அமெரிக்காவின் மெய்ன், வெர்மான்ட் மாநிலங்களிலோ சிறைக்குள் இருப்பவர்கள்கூட வாக்களிக்கிறார்கள்.